சுவரைத் துடைத்துவிட்டுச் சட்டையைக் கொண்டாடுவதா?

தொண்ணூறுகளில் அமெரிக்கத் தெருக்களில் புகழ்பெற்ற உடுப்பு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. கார்ல் கனி வந்தது, ஃபூபூ வந்தது, காண்டாமிருக இலச்சினை பொறித்த எக்கோ அன்லிமிட்டெட்டும் மறுபடியும் இளைஞர்களின் நெஞ்சில் ஏறியிருக்கிறது. தொளதொள ஜீன்ஸும், தோளுக்குக் கீழே தையல் இறங்கிய ரீசேர்ட்டும், வண்ணத்தெளிப்பான் எழுத்தைப் போல வளைந்து நெளிந்த அச்சும் இப்போது புது மோஸ்தர். இந்த மீள்வருகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகிறார்கள். தெருவின் குரல் திரும்பிவிட்டது என்கிறார்கள். ஒருகாலத்தில் சுவரிலும் ரயிலிலும் எழுதி அடிவாங்கியவர்களின் கலகம் துணியில் உயிர்வாழ்கிறது என்கிறார்கள். அதை அணிகிற பிள்ளை நியூயோர்க்கில் நின்றாலும் திருகோணமலைக் கடற்கரையில் நின்றாலும் அதே மரபின் வாரிசுதான் என்றும் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது உண்மையல்ல என்பதே என் வாதம். திரும்பி வந்திருப்பது ஒரு வணிகக் குறி. சுவர் திரும்பி வரவில்லை. துறைமுகத்தைச் சுற்றி வாழும் எங்களுக்கு இந்த வேறுபாடு வெறும் ரசனைப் பிரச்சினையாக இருக்க முடியாது. எழுத்துக்காகவும் கொடிக்காகவும் உயிர் போன ஊர் இது. இங்கே ஒரு சட்டையைக் கலகம் என்று கொண்டாடினால், நடந்த கலகங்களின் விலை மறந்துபோகும்.

முதலில் அந்த நிறுவனத்தின் கதையை அதற்குரிய மரியாதையோடு பார்ப்போம். மார்க் எக்கோ 1972இல் நியூஜேர்சி மாநிலத்தில் பிறந்தவர். ஹிப்ஹொப் இசையும் கிராஃபிட்டியும் சூழ வளர்ந்தவர். பெற்றோர் வீட்டின் வாகனக் கொட்டிலில் காற்றுத்தூரிகையால் ரீசேர்ட்டுகளில் படம் வரைந்து விற்றார். மருந்தியல் படிப்பைப் பாதியில் விட்டு, 1993இல் ஆறு ரீசேர்ட் வடிவங்களோடு தொழிலைத் தொடங்கினார். அவரது புனைபெயர் முதலில் வேறு எழுத்துக்கூட்டில் இருந்தது. அதே பெயருக்கு இன்னொரு நிறுவனம் உரிமை கொண்டாடவே, எழுத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. இதில் போலி எதுவும் இல்லை. அவர் கிராஃபிட்டியை வெளியிலிருந்து திருடியவர் அல்லர், உண்மையாகவே நேசித்தவர். ஆனால் சுவரில் எழுதுகிறவன் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்கிறான், யாரிடமும் பதிவு செய்வதில்லை. சந்தைக்கு வந்த பிறகு அந்தச் சுதந்திரம் பறிபோனது. கலகத்தின் பெயர் சட்டத்தரணியின் மேசையைத் தாண்டித்தான் கடைக்குப் போக முடிந்தது. நிறுவனத்தின் பிற்காலக் கதை முழுவதும் இந்தப் பெயர்மாற்றத்திலேயே இருக்கிறது.

காலவரிசையையும் கவனிக்க வேண்டும். நியூயோர்க் ரயில்களில் எழுதும் வழக்கம் எழுபதுகளின் தொடக்கத்தில் பரவியது. டாக்கி 183 என்று நகரெங்கும் எழுதிவந்த இளைஞனைப் பற்றி நியூயோர்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது 1971இல். அடுத்த பதினெட்டு ஆண்டுகள் நகர நிர்வாகம் வேலி போட்டது, நாய்களை விட்டது, இரசாயனத்தால் கழுவியது, பிடித்து அடைத்தது. 1983இல் நிலத்தடி ரயில் நிலையச் சுவரில் எழுதியதாகச் சொல்லிப் பிடிக்கப்பட்ட மைக்கல் ஸ்டுவர்ட் என்ற கறுப்பின இளைஞர் பொலிஸ் காவலில் நினைவிழந்து, பிறகு உயிரிழந்தார். வழக்கில் நிறுத்தப்பட்ட பொலிஸார் அனைவரும் விடுதலையானார்கள். 1989 மே 12ஆம் திகதி, தன் ரயில்களில் கிராஃபிட்டி முற்றாக ஒழிந்தது என்று போக்குவரத்து அதிகாரசபை அறிவித்தது. எழுத்துச் சாயல் கொண்ட உடுப்பு நிறுவனங்கள் அலையாகக் கிளம்பியது அதற்குப் பிந்திய ஆண்டுகளில்தான். ஆக, சட்டை சுவரின் தொடர்ச்சியாக வரவில்லை. சுவர் தோற்கடிக்கப்பட்ட பிறகு, அந்த வெற்றிடத்தில் வந்தது. ரயிலில் எழுதினால் சிறை, துணியில் எழுதினால் சில்லறை வருமானம் என்று நகரம் சொன்னபோது பிழைக்கத் தெரிந்தவர்கள் துணிக்கு மாறினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வயிற்றுப்பாடு யாருக்கும் உண்டு. ஆனால் பின்வாங்கலை வெற்றிவிழாவாக எழுதும் வரலாற்றை ஏற்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மார்க் எக்கோ சட்டை விற்றுவிட்டு ஒதுங்கியவர் அல்லரே, கிராஃபிட்டிக்காக நீதிமன்றம் போனவர் அல்லவா என்று கேட்பார்கள். போனார். 2005இல் ரயில்பெட்டி மாதிரிகளில் கலைஞர்கள் வரையும் தெருவிழாவுக்கு அவர் பெற்ற அனுமதியை நகர நிர்வாகம் இரத்துச் செய்தது. கருத்துச் சுதந்திரத்தின் பெயரால் வழக்காடி வென்றார். 21 வயதுக்குக் குறைந்தவர்கள் வண்ணத்தெளிப்பான் வைத்திருப்பதைத் தடைசெய்த நகரச் சட்டத்தை எதிர்த்த இளம் கலைஞர்களுக்கும் 2006இல் துணைநின்றார். இந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்கக் கூடாது. ஆனால் இன்று திரும்பி வருவது அந்த மனிதர் அல்லர். 2009இல் எக்கோ உரிமையின் 51 வீதத்தை ஐகோனிக்ஸ் என்ற நிறுவனம் 109 மில்லியன் டொலருக்கு வாங்கியது. மீதி 49 வீதம் 2013இல் 45 மில்லியனுக்கு அதன் கைக்கே போனது. 2021இல் ஐகோனிக்ஸும் தனியார் முதலீட்டாளர் வசமானது. ஐகோனிக்ஸின் தொழில் துணி தைப்பது அன்று, கடை நடத்துவதும் அன்று. அழிந்துகொண்டிருக்கும் பெயர்களை வாங்கி, அவற்றைப் பொறிக்கும் உரிமையை நாட்டுக்கு நாடு பிறருக்குக் கொடுத்து, விற்பனையில் பங்கு பெறுவதே அதன் தொழில். காண்டாமிருகம் எந்த நாட்டில் எந்தத் துணியில் பொறிக்கப்பட்டாலும் உரிமைப்பணம் அங்கே போய்ச்சேரும். வழக்காடிய கலைஞனின் தைரியத்தை அந்த ஒப்பந்தத்தில் யாரும் வாங்கவில்லை. விற்பனைக்கு வந்தது அவரது பெயரும் படமும் மட்டுமே.

சட்டம் எதைக் காக்கிறது, எதைக் கைவிடுகிறது என்று பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகும். 2018இல் எச் அண்ட் எம் நிறுவனம் ஒரு விளம்பரத்தில் தன் மொடலுக்குப் பின்னால் ரெவொக் என்ற கலைஞரின் சுவரோவியத்தைக் காட்டியது. அவர் தடைகோரிக் கடிதம் அனுப்பினார். நிறுவனம் நீதிமன்றம் போய்ச் சொன்ன வாதம் இதுதான்: அனுமதியின்றி வரையப்பட்டது குற்றச்செயல், குற்றச்செயலுக்குப் பதிப்புரிமை கிடையாது. உலகெங்கும் இருந்து கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகே வழக்கை மீளப்பெற்றது. தெருவின் அழகை விற்கும் நிறுவனமே தெருவில் எழுதுகிறவனுக்கு உரிமை இல்லை என்று நீதிமன்றத்தில் வாதிடத் துணிந்தது என்றால், கலகத்தின் குரல் துணியில் வாழ்கிறது என்ற பேச்சுக்கு என்ன பொருள்? குயீன்ஸ் பகுதியின் ஃபைவ் பொயின்ற்ஸ் கட்டடத்தை 2013இல் ஒரே இரவில் வெள்ளையடித்த உரிமையாளர் 21 கலைஞர்களுக்கு 6.75 மில்லியன் டொலர் கொடுக்க வேண்டும் என்று 2018இல் தீர்ப்பு வந்தது உண்மைதான். ஆனால் அங்கே கலைஞர்கள் வரைந்தது உரிமையாளரின் சம்மதத்தோடு. சம்மதமின்றி எழுதியவனுக்குச் சட்டத்திடம் இன்றும் பெரிதாக எதுவும் இல்லை. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பது இதுதான். கலகத்தின் கவர்ச்சி வேண்டும், கலகக்காரன் வேண்டாம்.

இனி எங்கள் கரைக்கு வருவோம். தொண்ணூறுகள் திரும்பி வந்துவிட்டன என்கிறார்கள். யாருடைய தொண்ணூறுகள்? 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபோது திருகோணமலை மாவட்டத்தில் கிராமம் கிராமமாக மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பலர் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள். 1995 ஏப்ரல் 19இல் இந்தத் துறைமுகத்துக்குள்ளேயே இரண்டு பீரங்கிப் படகுகள் தகர்க்கப்பட்டு, சில மாதப் போர்நிறுத்தம் முறிந்தது. 1996 பெப்ரவரியில் குமாரபுரத்தில் பொதுமக்கள் படையினரால் கொல்லப்பட்டார்கள். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடப்புத்தகம் பெருமை பேசிய நீரில், எந்நேரம் வலை வீசலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கடற்படை தீர்மானித்தது. அந்தப் பத்தாண்டில் இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரு என்பது அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி சோதனைச் சாவடியில் வரிசை நிற்கும் இடம். நியூயோர்க் பிள்ளை தொண்ணூறுகளை நினைத்து ஏங்கலாம், அது அவனது வாலிபம். எங்கள் பிள்ளைக்கு அதே ஏக்கத்தைக் கடையில் விற்கும்போது, அவன் தாய் தகப்பன் வாழ்ந்த தொண்ணூறுகளின் மேல் வேறொருவரின் தொண்ணூறுகள் ஒட்டப்படுகின்றன. ஒரு தலைமுறையின் நினைவு பேசப்படாமலே மறைவதற்கு இதுவும் ஒரு வழி.

ஆனால் அந்தத் தொண்ணூறுகளோடு இந்தத் தீவுக்கு வேறொரு உண்மையான உறவு இருந்தது. அதைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை. 1978இல் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் வந்தது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கினார். பணக்கார நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவு உடுப்புத்தான் வாங்குவோம் என்று வகுத்திருந்த கோட்டா முறை 2005 தொடக்கம் வரை நீடித்தது. அந்தக் கோட்டாவின் நிழலில்தான் இலங்கையின் கார்மென்ட் தொழில் வளர்ந்தது. அமெரிக்கத் தெரு உடுப்பு பெருத்த அதே பத்தாண்டில், அமெரிக்கச் சந்தைக்கு உடுப்புத் தைத்த இலட்சக்கணக்கான பெண்கள் இங்கே தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்தார்கள். போர் நடந்த வடக்கு கிழக்கின் பெரும்பகுதிக்கு அந்த வேலையும் எட்டவில்லை. எட்டிய இடங்களில் அந்தப் பெண்களை இயந்திரத்தின் பெயரால் ஜுக்கி என்று இளக்காரமாக அழைத்தது சமூகம். ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழிக்கப்பட்டதும் நடைபாதைக் கடைகளுக்கு வந்தன. அந்தச் சட்டைகளின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே தைத்திருக்கும் பெயர்த்துண்டு கத்தரியால் குறுக்கே வெட்டப்பட்டிருக்கும், அல்லது கறுப்பு மையால் கோடிழுக்கப்பட்டிருக்கும். துணியும் தையலும் நூலும் அப்படியே இருக்கும். பெயர் மட்டும் செல்லாதாக்கப்பட்டிருக்கும். விலை எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒரு வெட்டு சொல்லிவிடும். உழைப்பு இங்கே குறைந்த விலைக்குப் போகிறது, பெயர் அங்கே முழு விலைக்குப் போகிறது.

இன்றும் அந்தக் கணக்குப் பெரிதாக மாறவில்லை. போருக்குப் பிறகு கிளிநொச்சியிலும் மட்டக்களப்பு மாவட்டத்திலும் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளும் கார்மென்ட் வேலைக்குப் போகிறார்கள். நாட்டின் பொருள் ஏற்றுமதியில் முதலிடம் ஆடைக்குத்தான். தனியார்துறைக்கான தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. அதாவது ஏறத்தாழ நூறு டொலர். 2025 ஏப்ரலில் வாஷிங்டன் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை அறிவித்து, ஓகஸ்டில் அதை 20 வீதமாக்கிய இடைவெளியில், வேலை இருக்குமா போகுமா என்று ஏங்கியவர்கள் இந்தப் பெண்கள்தான். வணிகக் குறியின் உரிமையாளருக்கு அந்த ஏக்கம் இல்லை. ஒரு நாடு கட்டுப்படியாகாவிட்டால் உரிமம் பெற்றவர் இன்னொரு நாட்டில் தைப்பிப்பார். மீள்வருகையைத் தெருவின் வெற்றி என்று எழுதுகிறவர்கள், சட்டையின் நெஞ்சில் உள்ள படத்தைப் பார்க்கிறார்கள். அதன் ஓரத்தையும் கையையும் மூட்டியவர்களையும் பார்த்திருந்தால், அந்தச் சட்டையில் எங்கள் பங்கு எது என்று தெரிந்திருக்கும். அது கலக மரபில் இல்லை, தையல் வரிசையில் இருக்கிறது.

கலக மரபு எங்களுக்கு இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. அதன் கருவி வண்ணத்தெளிப்பான் அன்று, தார்வாளி. 1957இல் வாகன இலக்கத்தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து கட்டாயமாக்கப்பட்டபோது தமிழரசுக் கட்சி எதிர்த்து எழுந்தது. 1958இல் அந்த எழுத்தைத் தாங்கிய பஸ்கள் வடக்கு கிழக்குக்கு அனுப்பப்பட்டபோது தார் பூசும் போராட்டம் வெடித்தது. பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மேல் தார் ஊற்றினார்கள். அதைத் தொடர்ந்த மே மாதம் இனக்கலவரத்தில் முடிந்தது. தமிழ் உரிமைப் போராட்டத்தின் முதல் உயிரிழப்புகளில் ஒன்று அதற்கு முன்பே எங்கள் ஊரில் நேர்ந்திருந்தது. 1957 பெப்ரவரி 4ஆம் திகதி, நாடு சுதந்திர தினம் கொண்டாடிய நாளில், திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக்கொடி ஏற்ற முயன்ற நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். திருமலை நடராசன் என்று தமிழ் அரசியல் வரலாறு அவரை நினைக்கிறது. பொது இடத்தில் ஒரு துணியைக் கட்டப் போனதற்கு ஓர் உயிர். எழுபதுகளில் சுவரொட்டி ஒட்டியதற்காகவும் கறுப்புக்கொடி காட்டியதற்காகவும் சிறை சென்ற தமிழ் இளைஞர்கள் இந்த வரிசையில்தான் வருகிறார்கள். எண்பதுகளின் முடிவில் தெற்கின் சுவர்களில் எழுதிய சிங்கள இளைஞர்களும் அதற்கான விலையைக் கொடுத்தார்கள்.

அந்தத் தார்வாளியின் அச்சம் இந்நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது. 1979இல் தற்காலிகமாக வந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 2ஆம் பிரிவில், கொலைக்கும் ஆட்கடத்தலுக்கும் பக்கத்தில், வீதியோரத்திலோ பொது இடத்திலோ உள்ள பலகையின் சொற்களையும் எழுத்துகளையும் அதிகாரமின்றி அழிப்பதும் சிதைப்பதும் பயங்கரவாதக் குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது. தண்டனை 5 ஆண்டுக்குக் குறையாமல் 20 ஆண்டு வரை. நியூயோர்க் மாநிலச் சட்டத்தில் கிராஃபிட்டி எழுதுவது ஓராண்டுக்கு மேற்படாத சிறைக்குரிய சிறு குற்றம். ஏறக்குறைய ஒத்த செயலுக்கு அங்கே ஓராண்டு வரை, இங்கே இருபதாண்டு வரை. இரு இடத்துப் பிள்ளைகளும் ஒரே மரபின் வாரிசுகள் என்று சொல்வதற்கு முன் இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டாமா? அங்கே கிராஃபிட்டி அருங்காட்சியகத்துக்கும் போனது. இங்கே சட்டத்தை நீக்குவோம் என்ற வாக்குறுதி தேர்தலுக்குத் தேர்தல் கேட்டது.

பொது இடத்தில் அடையாளம் வைக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி இவ்வூரில் பழங்கதையும் அல்ல. 2005 மே மாதம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே இரவில் புத்தர் சிலை எழுந்தது. எதிர்த்தவர்கள் கடையடைத்தார்கள், ஊர் கொதித்தது, சிலை நின்றது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் காந்தி சிலையடியில் கூடியிருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்ற அரச தரப்புக் கதையை, அவர்கள் சுடப்பட்டிருந்ததைக் காட்டிய பத்திரிகையாளர் சுகிர்தராஜனின் புகைப்படங்கள் உடைத்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்கள் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு இறுதியில், ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, நாடெங்கும் இளைஞர்கள் பொதுச் சுவர்களில் ஓவியம் தீட்டினார்கள். அதிகாரிகள் பாராட்டினார்கள், கடைக்காரர்கள் வர்ணம் கொடுத்தார்கள். மன்னர்களும் போர்வீரர்களும் யானைகளும் சுவரை நிறைத்தார்கள். அந்த இளைஞர்களின் உழைப்பை நான் இகழவில்லை. ஆனால் சுவர் எப்போது கலையாகிறது, எப்போது குற்றமாகிறது என்பதை வரைகிறவன் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

என் வாதத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரில் இருக்கிறது. மாயா என்கிற மாதங்கி அருள்பிரகாசம், உலகம் அறிந்த எம்.ஐ.ஏ., யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து இலண்டனுக்கு அகதியாகப் போனவர். கலைக்கல்லூரியில் படித்து 2001இல் அவர் வைத்த முதல் கண்காட்சியில், அச்சுத்தகடும் வண்ணத்தெளிப்பானும் கொண்டு தீட்டிய புலிகளும் பனைமரங்களும் இலண்டன் தெருவோடு கலந்திருந்தன. அதே உருவங்கள் அவரது இசைத்தட்டு உறைகளுக்கும் உடுப்புகளுக்கும் போயின. கிராஃபிட்டியும் உடுப்பும் தமிழ் அரசியலும் ஒன்றாக முடியும் என்பதற்கு அவரே சாட்சி அல்லவா என்று கேட்பார்கள். சாட்சிதான், ஆனால் என் பக்கத்துக்கு. அவர் வேறொருவரின் பெயரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு கலகக்காரி ஆகவில்லை. தன் கதையைத் தன் கையால் எழுதினார். அதற்காகப் பயங்கரவாத ஆதரவாளர் என்ற பழியையும் சுமந்தார். 2013இல் வேர்சாச்சேயின் துணை நிறுவனத்துக்கு வடிவமைக்கக் கேட்டபோது, தெருக்கடைகளில் விற்கும் போலி வேர்சாச்சே அச்சுகளையே எடுத்து அதன் உண்மையான துணியில் போட்டார். அவர் செய்ததும் வணிகமே. ஆனால் யார் யாரிடமிருந்து எடுக்கிறார்கள் என்ற கேள்வி அந்தத் துணியிலேயே தெரிந்தது. காண்டாமிருகச் சட்டையில் அந்தக் கேள்வி எங்கே இருக்கிறது?

எதிர்த் திசையிலிருந்து பெரியவர்களின் மறுப்பு ஒன்று வரும். சுவரில் எழுதுவதே அசிங்கம், அது துணியோடு நின்றால் ஊருக்கு நல்லதுதானே என்பார்கள். இந்தப் பேச்சுக்குப் பதில் எங்கள் கோட்டை வாசலிலேயே இருக்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களால் கோட்டை எழுப்பினார்கள். இன்று பிரெட்றிக் கோட்டை எனப்படும் அதன் வாசலில் இணைக்கயல் செதுக்கிய கல் இன்னும் இருக்கிறது. குளக்கோட்டன் பெயரோடு தொடர்புபடுத்திப் படிக்கப்படும் தமிழ் வரிகள் தேய்ந்தும் உடைந்தும் அந்த நிலைக்கல்லில் நிற்கின்றன. எழுதியவர்கள் எந்த இடத்துக்காக எழுதினார்களோ, அந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, தம்மை இடித்தவனின் வாசலைத் தாங்குகின்றன. எழுத்து அழியவில்லை. அதன் இடம் அழிந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த வாசலைக் கடந்துதான் போகிறார்கள். எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்? சுவரிலிருந்து பெயர்த்துத் துணியில் வைத்த எழுத்துக்கும் இதே கதிதான். அழகாக இருக்கும், பத்திரமாகவும் இருக்கும், ஆனால் பேச வந்ததைப் பேசாது. ஊர் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிற பெரியவர்கள், கட்சிச் சுவரொட்டிகளும் நிறுவன விளம்பரங்களும் மதில்களை நிறைக்கும்போதும் இதே குரலை எழுப்பட்டும். காசு கொடுத்தவன் எழுதினால் விளம்பரம், காசில்லாத பிள்ளை எழுதினால் அசிங்கம் என்பது சுத்தத்தைப் பற்றிய அக்கறை ஆகாது.

கடைசியாக, பிள்ளைகள் சார்பில் ஒரு மறுப்பு உண்டு. அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, போடுகிறார்கள், ஒரு ரீசேர்ட்டின் தலையில் இவ்வளவு வரலாற்றைச் சுமத்த வேண்டுமா என்பது அது. பிடித்ததைப் போடட்டும். உடுப்பில் ஆசை இருப்பது குற்றமில்லை. போர்க்காலத்தில் நல்ல சட்டை ஒன்றுக்கு ஏங்கிய தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். நான் மறுப்பது சட்டையை அணிகிறவனை அல்ல, சட்டைக்கு மேல் ஏற்றப்படும் பொய்ப் பெருமையை. வரலாற்றைச் சட்டையின் தலையில் சுமத்தியதும் நானல்ல. கலகம், வேர், தெருவின் ஆன்மா என்ற சொற்களால் விலையை ஏற்றியவர்களே சுமத்தினார்கள். அந்தச் சொற்களை நம்பி வாங்கும் பிள்ளைக்கு அவற்றின் உண்மையைக் கேட்க உரிமை உண்டு. மீள்வருகையைப் பார்த்து நாலு பிள்ளைகள் வரையத் தொடங்கினால் நல்லதுதானே என்றும் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் வரையத் தொடங்குகிறவனுக்கு அமெரிக்க இலச்சினை தேவையில்லை. விளையாட்டுக் கழகங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஸ்கிரீன் பிரின்ட் அடித்துக் கொடுக்கும் சிறு அச்சகங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. ஒரு மரச்சட்டமும் மையும் துணியும் இருந்தால் தன் எழுத்தைத் தானே அச்சிடலாம். மார்க் எக்கோ வாகனக் கொட்டிலில் செய்ததும் அவ்வளவுதான். அவரிடமிருந்து கற்க வேண்டியது அந்தத் தொடக்கம்தான்.

ஆகவே என் முடிவு இது. தொண்ணூறுகளின் கிராஃபிட்டி உடுப்பு திரும்பி வந்திருப்பது வணிகச் செய்தி. அதை வணிகச் செய்தியாகவே எழுதுங்கள். கலகத்தின் மீள்வருகை என்று எழுத வேண்டுமானால், அதற்கு முன் நடக்க வேண்டியவை இருக்கின்றன. எழுத்தை அழித்தவனைக் கொலைகாரனோடு ஒரே பட்டியலில் நிறுத்தும் சட்டப்பிரிவு ஒழிய வேண்டும். சட்டையைத் தைப்பவர்களின் சம்பளம் சட்டையின் விலையைப் பற்றிய பேச்சில் இடம்பெற வேண்டும். நகர நிர்வாகம் உட்துறைமுக வீதியிலோ கடற்கரையிலோ ஒரு நீண்ட மதிலை ஊர்ப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தத்தம் மொழியில், முன்கூட்டி யாரிடமும் காட்டி ஒப்புதல் வாங்காமல், தம் ஊரைப் பற்றி அதில் எழுதவும் வரையவும் வேண்டும். பிடிக்காத வரி ஒன்று அதில் எழுதப்படும் நாளில் அதை வெள்ளையடிக்காமல் விடுகிற துணிவு நிர்வாகத்துக்கு இருக்க வேண்டும். அந்த மதில் வரும்வரை, திருகோணமலையில் தெருவின் குரல் திரும்பிவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம்.